சென்னையின் காலனியக் காலக் கல்லூரி ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி?

சென்னையில் நூறாண்டைக் கடந்த கல்லூரிகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வரலாறு, விழாக்காலத்தில் அவசரமாகத் தொகுக்கப்படும் மலர்களில் நான்கைந்து பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. நிறுவிய ஆண்டு, முதல் முதல்வர், புகழ்பெற்ற மாணவர்கள் சிலர், கட்டடத்தின் படம் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். அடுத்த விழாவுக்கு வரும் மலர்க்குழு அதே பக்கங்களைப் படியெடுக்கும். பிழைகளும் உடன் வரும். நீங்கள் படித்த அல்லது பணியாற்றும் கல்லூரியின் வரலாற்றை ஆதாரத்தோடு எழுத விரும்பினால் எங்கே தொடங்குவது, எந்த ஆவணத்தில் எதைத் தேடுவது, எங்கே வழுக்கும் என்பவற்றைச் சென்னைக் கல்லூரிகளையே சான்றாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

பிறந்த ஆண்டு ஒன்றல்ல

நுழைவாயில் வளைவில் பொறித்திருக்கும் ஆண்டை முடிவாகக் கொள்ளாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கல்லூரிகளில் ஏறத்தாழ எல்லாமே முதலில் பள்ளிகளாக இருந்தவை. பள்ளி தொடங்கிய ஆண்டு, கல்லூரி வகுப்பு தொடங்கிய ஆண்டு, பல்கலைக்கழகம் அதை ஏற்ற ஆண்டு, இப்போதைய பெயர் வந்த ஆண்டு, இப்போதைய இடத்துக்குக் குடிபெயர்ந்த ஆண்டு என ஒரே நிறுவனத்துக்குப் பல தொடக்கங்கள் இருக்கும். இவற்றுள் எது மிகப் பழையதோ அதையே நிர்வாகங்கள் விரும்பும். அது இயல்புதான், ஆனால் வரலாற்றை எழுதுபவர் எல்லா ஆண்டுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1835இல் எழும்பூர் புனித ஆந்திரேயர் தேவாலயத்தின் குருமார் இருவர் சிறுவர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினர். அவர்களின் வேண்டுகோளின்படி ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பிய ஜான் ஆண்டர்சன் 1837இல் அர்மீனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் ஜெனரல் அசெம்பிளி பள்ளியை நிறுவினார். 1862இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லரின் காலத்தில், 1865இல், கல்லூரி வகுப்பு தொடங்கியது. வேறு மிஷன்களும் கைகோத்த பிறகு, 1877இல்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்ற பெயர் வந்தது. தாம்பரத்துக்கு அது இடம்பெயர்ந்தது 1937இல். ஐந்து ஆண்டுகளும் உண்மையானவையே. எந்த ஒன்றையும் தனியே எடுத்து ‘கல்லூரி பிறந்த ஆண்டு’ என்று எழுதினால் மற்ற நான்கும் மறைந்துபோகும். குறிப்பாக, 1837க்கும் 1865க்கும் இடையிலான கால் நூற்றாண்டில் அங்கே நடந்தது பள்ளிக் கல்விதான் என்ற செய்தி வாசகருக்குக் கிட்டாமல் போய்விடும்.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794ஐத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. அந்த ஆண்டு மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களைக் கொண்டு தொடங்கியது நில அளவைப் பள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆட்கள் தேவைப்பட்டனர். அதற்காகவே அது பிறந்தது. அது கட்டடப் பொறியியல் கல்லூரியானது 1859இல். கிண்டிக்கு வந்தது 1920இல். மருத்துவக் கல்லூரி 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1850இல் கல்லூரியானது. பச்சையப்பன் கல்லூரி 1842இல் பள்ளி, 1880இல் இரண்டாம் தரக் கல்லூரி, 1889இல் முதல் தரக் கல்லூரி.

இந்த ‘தரம்’ என்பது சிறப்பைக் குறிப்பதன்று. எஃப்.ஏ. எனப்பட்ட முதற்கலைத் தேர்வு வரை மட்டும் கற்பித்தது இரண்டாம் தரக் கல்லூரி, பி.ஏ. வரை கற்பித்தது முதல் தரக் கல்லூரி. மலர்களில் ‘இரண்டாம் தரக் கல்லூரி என இகழப்பட்ட நிலையிலிருந்து உயர்ந்து’ என்ற பாணியில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எவரும் இகழவில்லை.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில் ஐந்து நிரல்களை வரைந்து, பள்ளி, கல்லூரி வகுப்பு, இணைவு, பெயர், இடம் என்று தலைப்பிட்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அதை எந்த ஆவணம் சொல்கிறது என்று எழுதுங்கள். ஆவணம் இல்லாத ஆண்டுக்கு எதிரே இடத்தைக் காலியாகவே விடுங்கள். அடுத்து என்ன தேட வேண்டும் என்பதை அந்தக் காலியிடங்களே காட்டிக்கொடுக்கும்.

கல்லூரிக்கு வெளியே நடந்தவை

ஒரு கல்லூரி தனியே வளர்வதில்லை. அரசின் கல்விக் கொள்கை திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பும். எனவே ஆவணங்களுக்குள் புகுமுன் ஒரு காலவரிசையை மனத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது.

1812இல் எஃப். டபிள்யூ. எல்லிஸின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் கம்பெனி அலுவலர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைக் கற்பிப்பதே அதன் வேலை. அது இயங்கிய நுங்கம்பாக்கத்துச் சாலை இன்றும் கல்லூரிச் சாலையாகவே இருக்கிறது. 1839இல் உயர்கல்வி வேண்டி எழுபதாயிரம் கையொப்பங்களோடு ஒரு விண்ணப்பம், தலைமை அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் வழியாக ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் அளிக்கப்பட்டது. அதன் விளைவாக நார்ட்டனைத் தலைவராகக் கொண்டு யுனிவர்சிட்டி போர்டு என்ற குழு அமைந்தது. 1840இல் எழும்பூரில் ஆயத்தப் பள்ளியும், 1841இல் உயர்நிலைப் பள்ளியும் ஏற்பட்டன. அந்தப் பள்ளியே 1855இல் மாநிலக் கல்லூரியாயிற்று.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1840களின் ஆவணங்களில் ‘சென்னைப் பல்கலைக்கழகம்’ என்ற சொல் வரும். அது மேற்சொன்ன குழுவையும் அதன் பள்ளியையும் குறிப்பது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், சார்லஸ் உட் 1854இல் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டி, 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் வழியே பிறந்தது. கல்கத்தா, பம்பாய் ஆகியவற்றுக்கும் அதே ஆண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பல்கலைக்கழகத்தின் வயதைப் பதினேழு ஆண்டு கூட்டிவிடும் கட்டுரைகளைக் காணலாம்.

1857இல் பிறந்த பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியதேயன்றி வகுப்பு எதையும் நடத்தவில்லை. கற்பித்தவை கல்லூரிகளே. வைசிராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகம் தானே கற்பிக்கவும் வழி செய்தது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், அடுத்த ஆண்டு பொருளியலுக்குக் கில்பர்ட் ஸ்லேட்டரும் பேராசிரியர்களாயினர். 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அமைப்பை மீண்டும் மாற்றியது. உங்கள் கல்லூரியில் ஒரு துறை திடீரென மூடப்பட்டதாகவோ, ஆய்வகத்துக்குத் திடீரெனப் பணம் வந்ததாகவோ தெரிந்தால், அருகில் இந்த ஆண்டுகளுள் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஆவணத்தில் எது கிடைக்கும்

முதலில் தேட வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் காலண்டர். நாள் காட்டும் தாள் என்று எண்ணிவிட வேண்டாம். விதிமுறைகள், இணைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியல், பட்டம் பெற்றோர் பெயர்கள், தேர்வு வினாத்தாள்கள் வரை அடங்கிய தடித்த ஆண்டுத் தொகுப்பு அது. ஒரு கல்லூரி எந்த ஆண்டின் காலண்டரில் முதன்முதலாக இடம்பெறுகிறது, எந்த ஆண்டில் அதன் தரம் மாறுகிறது என்று பின்னோக்கிப் புரட்டினாலே முன்பு காலியாக விட்ட நிரல்களில் பாதி நிரம்பிவிடும். பழைய தொகுதிகள் பல இணையத்தில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன; கன்னிமாரா நூலகத்திலும் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது பொதுக் கல்வி இயக்குநரின் ஆண்டறிக்கை. 1855இல் அலெக்சாண்டர் ஆர்பத்னாட் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கை, கட்டண வருவாய், அரசு மானியம், தேர்ச்சி விவரம் ஆகியவை இவ்வறிக்கைகளில் அட்டவணைகளாக இருக்கும். மாணவர்களைச் சாதி, சமயம் வாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணைகளும் உண்டு; அவற்றின் பயன் பின்னால் தெரியும்.

இவ்விரண்டுக்கும் மேலானது அரசாணை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே அதற்கு இடம். அனுமதிக்கு அடையாளச் சான்றும் ஆய்வு நோக்கத்தைக் கூறும் கடிதமும் தேவைப்படும். விதிகள் மாறுவதுண்டாதலால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். உள்ளே போனதும் கோப்பைக் கேட்காதீர்கள், ஆண்டுச் சொல்லடைவைக் கேளுங்கள். அதில் ஆண்டு, துறை, பொருள் வாரியாகத் தேடி, ஆணையின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்ட பிறகே கோப்புக்கு விண்ணப்பிக்க முடியும். கல்வி தொடர்பான கோப்புகள் எப்போதும் கல்வித் துறை என்ற பெயரின்கீழ் இருந்ததில்லை. பொதுத் துறை, கல்வித் துறை, உள்துறையின் கல்விப் பிரிவு, சட்டத் துறையின் கல்விப் பிரிவு எனக் காலத்துக்குக் காலம் அவை கைமாறின. ஒரு தலைப்பில் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்தை அறியாதவர்களே. புதிய கட்டடம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குப் பொதுப்பணித் துறையின் கோப்புகளையும் பார்க்க வேண்டும்.

அச்சிடப்பட்ட பழைய அரசாணை ஒன்றைக் கையிலெடுத்தால் அதன் அமைப்பு தெளிவாகத் தெரியும். மேற்பகுதியில், அரசு படித்துப் பார்த்த கடிதங்கள் முழுமையாக அச்சிடப்பட்டிருக்கும்: யார் எழுதியது, யாருக்கு, எந்த நாளில், எந்த எண்ணில் என்ற தலைப்போடு. கல்லூரி முதல்வர் இயக்குநருக்கு எழுதிய கடிதம் முதலில் வரும். அதை மேலனுப்பும் இயக்குநர் தம் கருத்தைச் சேர்த்திருப்பார். எல்லாவற்றுக்கும் கீழே அரசின் ஆணை இருக்கும். பெரும்பாலும் நான்கைந்து வரிகளே. மலர் எழுதுபவர் அந்த வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடுவார். உண்மையான வரலாறு மேலேயுள்ள கடிதங்களில் இருக்கிறது. ஒரு தமிழ்ப் பண்டிதர் பணியிடத்துக்கு ஏன் அத்தனை குறைந்த சம்பளம், வேதியியல் ஆய்வகத்துக்குக் கேட்ட தொகையில் எவ்வளவு வெட்டப்பட்டது, எந்தச் சமாதானம் சொல்லி வெட்டினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஆகவே ஆணையை முதலில் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்குச் சென்று கடிதங்களை நாள் வரிசையில் படியுங்கள். கேட்டதையும் கொடுத்ததையும் எதிரெதிரே எழுதிக்கொள்ளுங்கள்.

1904க்குப் பிறகு கல்லூரிகளின் இணைவுக்கு நேரில் சென்று ஆய்வு செய்த அறிக்கையும் அரசின் ஒப்புதலும் தேவைப்பட்டன. அந்த ஆய்வறிக்கை கிடைத்துவிட்டால் பெரும்பேறு என்றே சொல்வேன். நூலகத்தில் எத்தனை நூல்கள், விடுதியில் எத்தனை இடம், ஆசிரியர்கள் என்ன படித்தவர்கள் என்று, அக்கல்லூரியைப் புகழ்ந்தாக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர் எழுதியது அது ஒன்றுதான்.

மிஷன் கல்லூரிகளுக்கு வேறொரு வழியும் உண்டு. அவை தம் தாய்நாட்டுத் தலைமையகங்களுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதின. ஸ்காட்லாந்து மிஷன்களின் தாள்கள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நன்கொடை கேட்டு எழுதியவை ஆதலால் அவற்றில் வெற்றிகள் சற்றுப் பெரிதாகவே தெரியும். நாளிதழ்களில் 1868இல் தொடங்கிய மெட்ராஸ் மெயில் ஆங்கிலேயர் பார்வையையும், 1878இல் தொடங்கிய தி இந்துவும் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனும் இந்தியர் பார்வையையும் தரும். ஒரே பட்டமளிப்பு விழாவை இரு தரப்பும் எப்படி எழுதின என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்போகாது.

கட்டடமும் இடமும்

கட்டடத்தை ஆவணமாகப் படிக்கலாம், ஆனால் கட்டடத்தின் வயதைக் கல்லூரியின் வயதாகக் கொள்ளக் கூடாது. மாநிலக் கல்லூரி, இன்று பிரகாசம் சாலை எனப்படும் பாப்பம்ஸ் பிராட்வேயில் சில காலம் இருந்தது. இராபர்ட் சிஸம் வடிவமைத்த கடற்கரைக் கட்டடம் 1870இல்தான் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் இருக்கும் நான்கு முகக் கடிகாரக் கோபுரம் இன்னும் பிந்தையது, 1940ஐச் சேர்ந்தது. தாவரவியலறிஞரும் கல்லூரி முதல்வருமான ஃபைசனின் பெயரால் அது வழங்குகிறது. ஒரே முகப்பில் எழுபதாண்டு இடைவெளியுள்ள இரு பகுதிகள் சேர்ந்து நிற்கின்றன; படத்துக்கு அடிக்குறிப்பு எழுதும்போது இதைக் கவனிக்காவிட்டால் 1870இலேயே கடிகாரம் ஓடியதாக ஆகிவிடும்.

பச்சையப்பன் அறக்கட்டளையின் மண்டபம் இதற்கு எதிர்மாறான நிலையில் உள்ளது. ஏதென்ஸ் நகரத்துத் தீசியஸ் கோயிலின் சாயலில் கட்டி 1850இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் இன்றும் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் கடைகளின் நெரிசலுக்கு நடுவே நிற்கிறது. கல்லூரி 1940இல் சேத்துப்பட்டுக்குப் போய்விட்டது. பழைய இடத்தைப் பார்க்காமல், இப்போதைய வளாகத்தில் மட்டும் சுற்றிவிட்டு எழுதினால், கருப்பர் பட்டணத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) வணிகத் தெருவில், துறைமுகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து போகும் தொலைவில் ஏன் அத்தனை கல்விக்கூடங்கள் நெருங்கி இருந்தன என்பது விளங்காது.

வேறு தேவைக்குக் கட்டப்பட்ட வீடுகளிலும் கல்லூரிகள் குடியேறின. 1914இல் தொடங்கி 1917இல் பெயர் மாறிய இராணி மேரி கல்லூரி, கேப்பர் மாளிகை என்ற கடற்கரை வீட்டில் தொடங்கியது. 1915இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி நுங்கம்பாக்கத்தின் டவ்டன் மாளிகைக்குச் சென்றது. இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கல்லூரிக்கு முந்தைய தனிக்கதை உண்டு. விற்பனைப் பத்திரமும் பழைய நகர வரைபடங்களும் அதைச் சொல்லும். அந்தக் கதையில் மயங்கி வெள்ளைக்காரத் துரைமாரின் விருந்துகளைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. சட்டக் கல்லூரியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள், ஹென்றி இர்வின் கட்டிய கட்டடத்தையும் 1891இல் தொடங்கிய கல்வியையும் விட்டுவிட்டு, அந்த வளாகத்தில் உள்ள சென்னையின் முன்னாள் ஆளுநர் எலிஹு யேலின் மகனுடைய கல்லறையிலேயே நின்றுவிடுவதைப் பலமுறை காண்கிறோம்.

கட்டடத்தின் அண்மைக்கால வரலாறும் வரலாறுதான். இராணி மேரி கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் 2003இல் வந்தபோது மாணவியர் போராடி அதைத் தடுத்தனர். இதைக் காலனியக் கால வரலாற்றின் பின்னிணைப்பாகத் தள்ளிவிடாமல், நிலம் யாருடையது என்ற கேள்வியோடு சேர்த்து எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

யார் உள்ளே, யார் வெளியே

மலர்கள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. என் கருத்தில், வரலாறு என்று பெயர் சொல்லத்தக்கது இதில்தான் தொடங்குகிறது. அன்றைய கல்லூரி வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. எந்த வாயில் யாருக்கு எந்த ஆண்டில் திறந்தது என்பதைத் தேடி எழுத வேண்டும்.

ஆண்டர்சனின் பள்ளியில் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் சேர்க்கப்பட்டபோது, சாதி இந்துக்களின் பிள்ளைகள் பலர் விலகிச் சென்றனர். 1841இல் மாணவர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது பள்ளியே ஏறத்தாழ வெறுமையாயிற்று. அடுத்த ஆண்டே பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், மதம் மாற்றாத ஆங்கிலக் கல்விக்கு ஊரில் எவ்வளவு தேவை இருந்தது என்பது புரியும். 1794இல் திருவையாற்றில் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் எழுதிவைத்த சொத்து, நெடுங்கால வழக்குக்குப் பிறகு, நார்ட்டனின் முயற்சியாலும் நீதிமன்றத்தின் ஆணையாலும், எஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு அப்பள்ளியாயிற்று. இந்தியர் ஒருவரின் பணத்தில், அரசும் மிஷனும் சாராமல் எழுந்த நிறுவனம் என்ற பெருமை அதற்கு உண்டு. அங்கே இந்து மாணவர்கள் மட்டுமே சேரலாம் என்ற விதி 1947 வரை நீடித்தது என்பதும், ஆதி திராவிடர்க்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதி. பெருமையை ஒரு பத்தியிலும் விலக்கத்தை அடிக்குறிப்பிலும் வைக்காமல் இரண்டையும் ஒருசேரச் சொல்லுங்கள்.

பெண்களின் சேர்க்கையைத் தேடும்போது மகளிர் கல்லூரிகளிலிருந்து தொடங்காதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததற்கு முந்தைய செய்தி இது. முத்துலட்சுமி ரெட்டி அங்கே 1912இல் பட்டம் பெற்றார். கிண்டியில் பெண்கள் பொறியியல் பட்டம் பெற 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஏ. லலிதா 1943இல் மின்பொறியியல் முடித்தார். மகளிர்க்கென அரசுக் கல்லூரி 1914இல் டோரதி டி லா ஹேயின் தலைமையில் தொடங்கியபோது, ஆண்கள் கல்லூரிகளில் ஒன்றிரண்டு பேராகப் படித்துவந்த பெண்களின் நிலை என்னவாயிற்று என்பது கேட்கத்தக்க கேள்வி. விடையை இயக்குநர் அறிக்கையின் அட்டவணைகளில், ஆண்டு வாரியாக எண்ணிக்கையை எடுத்து வரிசைப்படுத்திக் காணலாம்.

சாதி வாரி அட்டவணைகளைக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள். அன்றைய வகைப்பாடுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறின. ஓர் ஆண்டில் தனியே காட்டப்பட்ட பிரிவு அடுத்த சில ஆண்டுகளில் வேறொன்றோடு சேர்க்கப்பட்டிருக்கும். எனவே நீண்ட காலத்துக்கு ஒரே கோடு வரைந்துவிடக் கூடாது. அடுத்து, 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த, சாதி, சமய வாரியாக இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணைகளுக்குப் பிறகு சேர்க்கை ஆவணங்களின் தன்மையே மாறுகிறது. சேர்க்கை குறித்த முறையீடுகளும் விளக்கங்களும் கோப்புகளில் பெருகுகின்றன. சேர்க்கையில் அந்த ஆணைகளின் பயணம் 1951இல் சம்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்று, அவை செல்லாதவை என்ற தீர்ப்போடு முடிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் வரலாற்றை இவ்வழக்கு இல்லாமல் எழுத முடியாது.

புகழ்பெற்ற பெயர்களைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு கல்லூரியும் பெரியவர்களின் பெயர்களைத் தன் பட்டியலில் சேர்க்க விரும்பும். படித்தாரா, பட்டம் பெற்றாரா, கற்பித்தாரா என்ற மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். சர் சி. வி. ராமன் மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ.வும் 1907இல் எம்.ஏ.வும் தேறினார், ஐயத்துக்கு இடமில்லை. கணித மேதை இராமானுஜன் 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், ஆனால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இதை மறைப்பதில் கல்லூரிக்கு எந்த நன்மையும் இல்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் ஆயிற்று என்ற அன்றைய தேர்வு முறை எப்படிப்பட்டது என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது. உ. வே. சாமிநாதையர் 1903இல் கும்பகோணத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து 1919 வரை தமிழ் கற்பித்தவர். அங்கே படித்தவர் அல்லர்.

‘சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி’ என்றாலே சென்னையில் படித்தவர் என்று கொள்வது இன்னொரு பிழை. மைசூர் 1916இலும், ஆந்திரம் 1926இலும், அண்ணாமலை 1929இலும், திருவிதாங்கூர் 1937இலும் தனிப் பல்கலைக்கழகங்களாகும் வரை தென்னிந்தியாவின் பெரும்பகுதி சென்னையின் கீழேயே தேர்வெழுதியது. 1858இல் முதன்முதலாக பி.ஏ. தேறிய இருவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் எந்தக் கல்லூரியின் வழியே தேர்வுக்குச் சென்றார் என்பதைக் காலண்டரின் பட்டியலில் பார்த்த பிறகே எழுதுங்கள்.

எழுதும்போது

தொகை எழுதும் இடத்தில் நாணயத்தைக் கவனியுங்கள். 1818 வரை சென்னையில் கணக்கு வராகன் என்ற பொன் நாணயத்தில் நடந்தது. மாற்றத்தின்போது நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் என்று வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு உயிலில் வரும் இலட்சத்தை ரூபாய் என்று எழுதினால் தொகை மூன்றரை மடங்கு சுருங்கிவிடும். இன்றைய மதிப்பில் இத்தனை கோடி என்று கணக்கிட்டுக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, அதே ஆண்டில் அதே கல்லூரியில் ஒரு பேராசிரியரின் சம்பளம் என்ன, மாணவரின் மாதக் கட்டணம் என்ன என்று பக்கத்தில் வையுங்கள். தொகையின் எடை வாசகருக்குத் தானே தெரியும்.

தெருப்பெயர், பட்டப்பெயர், தேர்வுப்பெயர் ஆகியவற்றை அக்காலத்தில் வழங்கியபடி எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் இன்றைய பெயரைச் சேர்த்தால் போதும். எஃப்.ஏ. பின்னர் இண்டர்மீடியட் ஆனது, 1950களில் பி.யூ.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பு வந்தது, 1978இல் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது. இவற்றை ஒரே சொல்லால் ‘பிளஸ் டூ’ என்று எழுதிவிட்டால், கல்லூரி மாணவர் எண்ணிக்கை ஏன் அந்த ஆண்டில் சட்டென்று குறைந்தது என்பதற்கு விளக்கம் கிடைக்காது.

இரண்டு ஆவணங்கள் முரண்படும் இடங்கள் கட்டாயம் வரும். நிகழ்வுக்கு மிக அருகில் எழுதப்பட்டதற்கு முதலிடம் கொடுங்கள். ஆனால் மற்றதையும் எதிரே குறிப்பிட்டு, எதை ஏன் ஏற்றீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பழைய மலர்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆண்டுகளுக்கு அவை நம்பத்தக்கவையல்ல என்றாலும், விடுதிச் சாப்பாடு, ஆசிரியரின் நடை, வகுப்பில் வழங்கிய பட்டப்பெயர் ஆகியவை வேறெங்கும் எழுதப்படவில்லை. முதிய முன்னாள் மாணவர்களிடம் கேட்கும்போதும் ஆண்டைக் கேட்காமல், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யாருக்குத் தனிச் சமையல் நடந்தது என்று கேட்டால் பேச்சு திறக்கும்.

வேலை முடிந்ததும், நீங்கள் எடுத்த அரசாணைக் குறிப்புகள் அனைத்தையும் துறை, எண், நாள் மாறாமல் வரிசைப்படுத்தி ஒரு படியைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். கோப்பு எண் இல்லாமல் ‘ஆவணக் காப்பகத்தில் உள்ளது’ என்று மட்டும் எழுதி வைத்தால், அடுத்து வருபவர் மீண்டும் சொல்லடைவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.